பொறையும் வெயிட்டும்

பூந்தமல்லி பக்கத்துக் குமணன்சாவடியில் மாங்காடு போகும் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால், ஓட்டுநர் "பொறுங்க" என்று சொல்வதில்லை. "வெயிட் பண்ணுங்கம்மா, இன்னும் ரெண்டு பேருதான்" என்கிறார். மடியில் இருக்கும் பையை வாங்கிப் பின்னால் வைக்கும்போது, "என்ன இவ்ளோ வெயிட்டு!" என்பதும் அவர்தான். ஆங்கிலத்தில் ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு சொற்கள் நம் வாயில் ஒன்றாகிவிட்டன. காத்திருப்பதும் வெயிட், கனமும் வெயிட்.

தமிழுக்கு இது பழக்கமானதுதான். 'பொறை' என்ற பழஞ்சொல்லுக்குப் பொறுமை என்றும் பொருள், பாரம் என்றும் பொருள். மலைக்கும் அதுவே பெயர். சேர அரசர்கள் பொறையன் என்றும் இரும்பொறை என்றும் பெருமையாகச் சூடிக்கொண்ட சொல், இன்று பள்ளித் தேர்வுக்கு வெளியே தலைகாட்டுவதில்லை. திருக்குறளின் 16ஆம் அதிகாரத் தலைப்பான பொறையுடைமையில் பிழைத்திருக்கிறது.

அந்த அதிகாரம் இருக்கும் இடம் கவனிக்கத்தக்கது. வள்ளுவர் அதைத் துறவியர் பக்கம் தள்ளவில்லை. இல்லறவியலில், பிறனில் விழையாமைக்கும் அழுக்காறாமைக்கும் நடுவே வைத்தார். உடம்புக்கு வரும் நோவைத் தாங்குவது அவருக்கு வேறு கணக்கு. அது 27ஆம் அதிகாரமான தவத்தில் வருகிறது; அங்கே அவர் எடுத்த சொல்லும் வேறு, நோன்றல். ஆக, பொறை என்பது வெயிலையும் பசியையும் தாங்குவதல்ல, மனிதர்களைத் தாங்குவது. பங்காளி, பக்கத்து வீட்டுக்காரர், நாக்கு நீண்ட சொந்தக்காரர்.

மாங்காட்டுக் காமாட்சி தீ நடுவே ஒற்றைக் கால் நுனியில் நின்றதாகத் தலபுராணம் சொல்கிறது. அது நோன்பு. அவளே விரும்பி ஏற்றது. காஞ்சியில் கல்யாணத்தோடு முடிந்தது. எலுமிச்சம்பழத்தோடு ஆறு வாரம் அவள் கோயிலுக்கு வருகிறவர்களுக்கும் ஏழாவது வாரம் விடுதலை. மாமியார் வாய்க்கு அப்படி வாரக் கணக்கு எதுவும் கிடையாது.

பொறை ஒரு பாரம் என்பதைப் பழைய சாலைகளைப் போட்டவர்கள் மறக்கவில்லை என்று தோன்றுகிறது. வழிப்போக்கர் தங்கச் சாவடி கட்டினார்கள். கரையான்சாவடி, வேலப்பன்சாவடி என்று இந்தப் பக்கத்து ஊர்ப்பெயர்களே அதைச் சொல்லும். தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கியும் நட்டார்கள். நிமிர்ந்த கல் இரண்டு, மேலே குறுக்காக ஒன்று. தலைச்சுமைக்காரர் யார் கையையும் எதிர்பார்க்காமல் சுமையை இறக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது வழக்கமாக இருந்தது. அவள் இறக்கிவைக்காத பாரத்துக்கு ஈடாக ஊரார் பாரத்துக்கு ஒரு கல். தாங்கச் சொல்கிறவர்கள் இறக்கிவைக்கவும் இடம் காட்ட வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

இப்போது அறிவுரை மட்டும் தாராளம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26.1 கிலோமீட்டர் மெட்ரோ தடத்துக்காகத் தூசியையும் தடுப்புகளையும் இந்த ஊர் பொறுத்தது. வாடகைக்கு இருப்பவர் இங்கே மனை விலை விசாரித்துப் பார்த்தால் எந்தப் பூமியை ஆள்வார் என்று தெரியவில்லை.

வீட்டுக்குள் இந்த அறிவுரை பெரும்பாலும் பெண்ணுக்கே போகிறது. துணைக்குப் பூமாதேவியையும் இழுத்துக்கொள்வார்கள். இலக்கியத்தில் தேடினால் விலாசம் வேறாக இருக்கிறது. கலித்தொகையின் 133ஆம் பாட்டில், கல்யாணத்தைத் தள்ளிப்போடும் தலைவனிடம் தோழி ஒவ்வொரு பண்புக்கும் இலக்கணம் சொல்லிக்கொண்டே போகிறாள். நம்மை மதியாதவரையும் பொறுத்துக்கொள்வதே பொறை என்று அவள் எடுத்துச் சொல்வது அவனுக்கு. தலைவிக்கு அல்ல. குமணன்சாவடிக் கல்யாணப் பேச்சு ஒன்றில் அந்தத் தோழி வந்து உட்கார்ந்தால், "எல்லாத்தையும் அட்ஜஸ்ட் பண்ணிக்குவீங்களா?" என்ற கேள்வியை மாப்பிள்ளையைப் பார்த்துத்தான் கேட்பாள்.