28 நாள்

வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் திருப்பூரில் மூன்று கேள்விகள் வரும். எந்த நாடு? எந்த யூனிவர்சிட்டி? ஐ.இ.எல்.டி.எஸ். எவ்வளவு? நான்காவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் பாதிப் பேரின் பயணம் நின்றுபோவது அந்த நான்காவதில்தான். "உங்க வீட்டுப் பணம் 28 நாள் அசையாமல் நிற்குமா?"

இது அந்தக் கேள்வியில் மாட்டிய ஒருவனின் கதை.

அவன் 2025இல் பி.காம். முடித்தவன். அப்பா பி.என். ரோடு பக்கம் ஒரு சின்ன யூனிட் வைத்திருக்கிறார். எக்ஸ்போர்ட் கம்பெனிகளிடமிருந்து கட்டிங் பீஸ் வரும். தைத்து, செக்கிங் செய்து திருப்பி அனுப்பவேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. பதினாறு மிஷின். வெளியிலிருந்து பார்த்தால் "பனியன் கம்பெனிக்காரர் பையன், அவனுக்கென்ன" என்றுதான் தோன்றும். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது, இருபத்தோரு வயது வரை.

பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்கு இடம் கிடைத்தது. செப்டம்பர் சேர்க்கை. கட்டணத்துக்கு வங்கிக் கடன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து அடமானம் வேண்டும். இருக்கிற ஒரே சொத்து வீடு. அதன் பத்திரம் யூனிட்டின் ஓ.டி.க்காக எப்போதோ வங்கிக்குப் போய்விட்டது என்பதே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆகவே 7.5 லட்சம் கடன், மாமா ஜாமீன். மிச்சக் கட்டணத்துக்குக் காங்கயம் பக்கம் இருந்த அரை ஏக்கர் காடு போனது.

கட்டணம் முடிந்தது. அடுத்தது சாப்பாட்டுச் செலவு. லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதம் 1,136 பவுண்டு வீதம் 9 மாதத்துக்குப் பணம் காட்டவேண்டும் என்பது 2025 ஜனவரியில் வந்த விதி. மொத்தம் 10,224 பவுண்டு. பவுண்டு 117 ரூபாய் என்று வைத்தால் சுமார் 11.96 லட்சம். இதைச் செலவழிக்க வேண்டாம், காட்டினால் போதும். மாணவன் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்கவேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் அந்தத் தொகைக்குக் கீழே இறங்கினாலும் எண்ணிக்கை செல்லாது. மறுபடி ஒன்றிலிருந்து.

"அவ்வளவுதானே, காட்டிட்டு எடுத்துக்கலாம்" என்பார்கள் மாதச் சம்பளக்காரர் வீட்டில். திருப்பூரில் அப்படிச் சொல்ல முடியாது. இந்த ஊரில் பணம் உட்காராது. இன்றைக்கு வந்த பில் பணம் நாளைக்கு எலாஸ்டிக்குக்கும், தையல் நூலுக்கும், கரண்டு பில்லுக்கும் போகும். எல்லாவற்றுக்கும் மேலே சனிக்கிழமை. வாரச் சம்பளம். யாருக்கு எது பாக்கி வைத்தாலும் சனிக்கிழமை சாயங்காலம் டெய்லர்களுக்குப் பாக்கி வைக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம்.

சீட்டு எடுத்தது 5 லட்சம். அம்மாவின் நகை அடமானம் 3 லட்சம். யூனிட்டில் சுழன்றுகொண்டிருந்ததில் உருவியது 4.2 லட்சம். ஆக மொத்தம் 12.2 லட்சம். ஜூலை 14, திங்கட்கிழமை, எண்ணிக்கை ஆரம்பம். ஆகஸ்ட் 10 வந்தால் 28.

காத்திருக்கும் நேரத்தில் மற்ற காகிதங்கள். அப்பா கணக்கு என்பதால் அவர்தான் அப்பா என்று நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், பணத்தைப் பயன்படுத்தச் சம்மதக் கடிதம் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயருக்கு ஒரு ஸ்பெல்லிங், வங்கியில் ஒரு ஸ்பெல்லிங். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து முழுப்பெயராகக் கிடக்கிறது, மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்தாக நிற்கிறது. தமிழ்நாட்டு மாணவர் எல்லாருக்கும் இந்த இனிஷியல் கூத்து உண்டு. காசநோய்ச் சோதனைச் சான்று தனி.

அப்போதுதான் அவனுக்குப் பி.காமில் படித்த எல்.சி. பாடம் ஞாபகம் வந்தது. எல்.சி.யில் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கும். உலக வங்கிகள் எல்லாம் 2007 ஜூலையிலிருந்து பின்பற்றும் யு.சி.பி. 600 விதிகளின் அடிப்படையே அதுதான். பெட்டிக்குள் தங்கமான பனியன் இருக்கலாம். பில்லில் பெயர் ஒரு மாதிரி, எல்.சி.யில் வேறு மாதிரி என்றால் பணம் நிற்கும். விசாவும் ஏறக்குறைய அதே கதை. பையன் நல்லவனா, படிப்பானா, அப்பா பதினெட்டு வருஷமாக ஒரு சனிக்கிழமைகூடத் தவறாதவரா... எதற்கும் கட்டம் கிடையாது. 28 நாளுக்கு மட்டும் கட்டம் உண்டு.

அதைத் தப்பென்றும் சொல்லிவிட முடியாது. கணக்கு இல்லாமல் அந்தக் காலத்திலும் யாரும் போகவில்லை. பக்கத்து ஈரோட்டில் பிறந்த ராமானுஜனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1914 மார்ச் 17 அன்று சென்னையில் நெவாசா கப்பல் ஏறினார். ஹார்டி கூப்பிட்டார், நெவில் நேரில் வந்து பேசினார் என்பதெல்லாம் தெரிந்த கதை. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் பயணம் நடந்தது. அந்த 250இல் 50 பவுண்டு இங்கே குடும்பத்துக்கு என்று ஒதுக்கப்பட்டது. கணித மேதைக்கும் கிளம்புவதற்கு முன் வீட்டுக் கணக்கு ஒன்று தீர்க்கவேண்டியிருந்தது! ஒரே வித்தியாசம், அவர் படிப்பிலிருந்து வீட்டுக்குப் பணம் போனது. இப்போது வீட்டிலிருந்து படிப்புக்குப் போகிறது.

சரி, பி.என். ரோட்டுக்கு வருவோம்.

முதல் இரண்டு சனிக்கிழமை வந்த பில்லில் ஓடிவிட்டது. அந்த நாட்களில் அவன் யூனிட்டில் உட்கார்ந்து கணக்கெழுதப் பழகினான். ஒடிசாவிலிருந்து வந்த ஃப்ளாட்லாக் டெய்லர் ஒருவர் டீ நேரத்தில் கேட்டார், "தம்பி, லண்டன் எத்தனை நாள் ரயில்?"

"ரயில் இல்லண்ணா, ஃப்ளைட். ஒரு நாள்கூட ஆகாது."

"எனக்கு இங்க வர ரெண்டு நாள் ஆச்சு" என்று சிரித்தார். அந்த ரெண்டு நாள் தூரத்தில் அவருக்கு ஒரு வீடு. சனிக்கிழமை ராத்திரி சம்பளம் கைக்கு வந்ததும் போனிலேயே பாதிப் பணம் அங்கே போய்விடும். இதுவும் வெளியூர்ப் பயணம்தான். அதற்கு யாரும் 28 நாள் கேட்கவில்லை, அவ்வளவே.

ஜூலை 30, பதினேழாம் நாள். இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீத வரி என்று அமெரிக்காவிலிருந்து அறிவிப்பு. அடுத்த வாரம், ஆகஸ்ட் 6, இன்னொரு 25 சேர்ந்தது. ஆகஸ்ட் 27 முதல் மொத்தம் 50 சதவீதம். ஊரே போனும் கையுமாக நின்றது. அப்பாவுக்கு வேலை தந்த கம்பெனியில், அமெரிக்க பையர் சரக்கை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டான், பில் பணத்துக்குக் கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். பொய்யில்லை. அவர்கள் தலையிலும் அதே இடி.

ஆகஸ்ட் 2, இருபதாம் நாள் சனிக்கிழமை. மாமா கைமாற்று கொடுத்தார். அடுத்த சனி ஆகஸ்ட் 9. அது இருபத்தேழாம் நாள். அதுவும் இரண்டாம் சனி, வங்கி லீவு. எடுப்பதென்றால் வெள்ளிக்கிழமையே எடுக்கவேண்டும். சம்பளம் 1.3 லட்சம். கணக்கில் தொடக்கூடிய உபரி 24 ஆயிரம். மாமாவிடம் மறுபடி கேட்க முடியாது, அவருடைய பிரிண்டிங் யூனிட்டுக்கும் அதே வாரம்தான். கடன் கேட்கலாம் என்றால், கேட்கப்படவேண்டியவர் எல்லாருமே யாரிடமாவது கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டு முடித்துத் தட்டிலேயே கை உலரும்வரை அப்பா உட்கார்ந்திருந்தார். அப்புறம் சொன்னார்.

"ஏங்கண்ணு, சம்பளத்தத் திங்கக்கெழம குடுத்துக்கலாம்னு சொல்லீட்டா என்ன? ரெண்டே நாளுதான..."

பதினெட்டு வருஷத்தில் அவர் வாயில் வராத வார்த்தை. ரெண்டு நாள் பொறுங்கள் என்றால் டெய்லர்கள் முணுமுணுத்துவிட்டுப் பொறுத்திருப்பார்கள். யாரும் செத்துவிட மாட்டார்கள். ஆனால் அந்த வாரம் பஜார் முழுக்க ஒரே பேச்சு: எந்தக் கம்பெனி மூடுகிறது, எந்த யூனிட் ஆளைக் குறைக்கிறது. அந்த வாரத்தில் ஒரு சனிக்கிழமை சம்பளம் தவறினால் அது ரெண்டு நாள் தாமதமாகவா தெரியும்? "இவரும் மூடப்போறாரு" என்றுதான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் ஊருக்கு ரயிலேறினாலும் திங்கட்கிழமை பதினாறு மிஷினில் நாலு மிஷின் சும்மா நிற்கும்.

ஒரு மாதத்துக்கு முன்னால் இதைக் கேட்டிருந்தால் அவன் தலையாட்டியிருப்பான். சம்பள நோட்டை நாலு வாரம் கையால் எழுதின பிறகு தலை ஆடவில்லை.

"வேண்டாங்ப்பா. நாளைக்கே எடுத்துக் குடுத்துருங்க."

"அப்பறம் உன்ற காலேஜு?"

"ஜனவரில போறனுங்ப்பா."

அம்மா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் மோர் கொண்டுவந்து அவன் டம்ளரில் ஊற்றினார்.

இருபத்தாறாம் நாள் பணம் எடுக்கப்பட்டது. மறுபடி 28 நாள், அதற்குமேல் விசா முடிவுக்கு 3 வாரம் என்றால் செப்டம்பர் வகுப்பு தாண்டிவிடும். யூனிவர்சிட்டிக்கு மின்னஞ்சல் போனது. சேர்க்கையை ஜனவரிக்கு மாற்றித் தந்தார்கள். காத்திருந்ததற்குக் கூலியாக இன்னொன்றும் வந்தது: 2025 நவம்பர் 11 முதல் காட்டவேண்டிய தொகை மாதம் 1,171 பவுண்டு ஆனது. ஒன்பது மாதத்துக்கு 10,539. அதாவது 315 பவுண்டு கூடுதல், கிட்டத்தட்ட 37 ஆயிரம் ரூபாய் :)

ஆனால் இந்த முறை தயாரிப்பு வேறு மாதிரி இருந்தது. முன்பு கன்சல்டன்சி தந்த தேதியில் பணத்தைப் போட்டான். இப்போது காலண்டரில் சனிக்கிழமைகளை முதலில் வட்டமிட்டான். தீபாவளி போனஸ் எந்த வாரம், ஐரோப்பிய ஆர்டர் பில் எந்த வாரம், சீட்டுத் தவணை எந்தத் தேதி என்று பார்த்து, நாலு சனிக்கிழமைச் சம்பளத்தைத் தனியாக ஒதுக்கி வைத்த பிறகுதான் முதல் நாளைக் குறித்தான். நவம்பர் 17. டிசம்பர் 14 அன்று 28 முடிந்தது.

வங்கி ஸ்டேட்மெண்ட்டில் அந்த 28 நாளுக்கு ஒரு வரிகூட இல்லை. பணம் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறது. ஆகஸ்டில் எடுத்த 1.3 லட்சம் மட்டும் பழைய பக்கத்தில் ஒரு வரியாகக் கிடக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.

ஜனவரியில் கிளம்பும்போது காதர்பேட்டையில் வாங்கின தெர்மல் நாலு செட், பெயர் ஒத்துப்போகிற காகிதங்கள் ஒரு ஃபைல். சம்பள நோட்டு மட்டும் அம்மாவிடம் போயிற்று. சனிக்கிழமை சாயங்காலம் அதை எப்படி எழுதவேண்டும் என்று மூன்று வாரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனான்.

இந்த வருஷம் கிளம்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐ.இ.எல்.டி.எஸ். புத்தகத்தைப் பிறகு பிரிக்கலாம். முதலில் வீட்டுக் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தரத் தயங்குவார்கள். பரவாயில்லை, இன்னொரு தடவை கேளுங்கள்.