இராவணன் வழக்கில் இரு கட்சி

காப்பியம் கற்போர் அதன் தலைவனைக் குறித்துப் பூசலிடுவது குறைவு. பூசல் பெரும்பாலும் அவன் பகைவனைக் குறித்தே எழுகின்றது. நல்லவனை நல்லவன் என்று ஒப்புவதற்கு நால்வர் கூடி ஆராய வேண்டியதில்லை. ஆற்றலும் கல்வியும் இசையும் வீரமும் நிரம்பிய ஒருவன் மன்னிக்கலாகாத பிழையொன்றைச் செய்து, அதனை இறுதிவரை விடாது பற்றி நிற்பானாயின், அவனைப் போற்றுவதா தூற்றுவதா என்று கற்போர் உள்ளம் இரண்டுபடுகின்றது. தமிழரை அவ்வாறு இருகட்சியாகப் பிரித்து நிறுத்தியவன் இலங்கை வேந்தன் இராவணன். அப்பிரிவு தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடவில்லை. பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்த குடும்பங்களோடு அதுவும் இரயிலேறி வந்தது.

எங்கள் பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து அலசூருக்குக் குடிவந்தபோது கொண்டுவந்த சில பொருள்களுள் கம்பராமாயணத்தின் யுத்த காண்டமும் ஒன்று. சிற்றப்பா பின்னர் வாங்கிச் சேர்த்தவை அறிஞர் அண்ணாவின் நூல்கள். இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து அமைதியாக இருந்தன. அவற்றைப் படித்தவர்கள்தாம் அமைதியாக இருந்ததில்லை. ஞாயிறுதோறும் உணவுக்குப்பின் வழக்குத் தொடங்கும். "பிறன்மனை நயந்தவனுக்குப் பரிந்து பேசலாமா?" என்பார் பாட்டனார். "தங்கையின் மூக்கை அறுத்தவர்களை அண்ணன் கேட்கக் கூடாதா?" என்பார் சிற்றப்பா. சிறுவர்களாகிய நாங்கள் இருபுறமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்போம். பாட்டியார் மட்டும் ஒருபோதும் வாய்திறந்ததில்லை. அவரை எவரும் கேட்டதுமில்லை.

எங்கள் கூடத்தில் நிகழ்ந்த அவ்வழக்கு, நாடறிந்த பெருவழக்கின் சிறு கிளையே ஆகும். சா. கணேசன் அவர்கள் 1939இல் காரைக்குடியில் கம்பன் கழகம் கண்டு, கம்பனைக் கற்கும் ஆர்வத்தை வளர்த்தார். 1943இல் கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் தீயிட வேண்டும் என்ற கிளர்ச்சியை ஒட்டி, அண்ணா சென்னையில் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளையுடனும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாருடனும் சொற்போர் நிகழ்த்தினார். 1946இல் புலவர் குழந்தை 3,000க்கு மேற்பட்ட பாடல்களில் இராவணனையே தலைவனாக்கி 'இராவண காவியம்' படைத்தார். 1948இல் அரசு அதற்குத் தடைவிதித்தது. 1971இல்தான் அத்தடை நீங்கிற்று. ஒரு காப்பியப் பாத்திரத்தின்மேல் கொண்ட விருப்பும் வெறுப்பும் அரசாணை வரையிலும் சென்றதென்றால், அது வெறும் பொழுதுபோக்குப் பூசல் அன்று என்பது தெளிவு.

அண்ணா எழுதிய 'நீதிதேவன் மயக்கம்' என்னும் நாடகம் இவ்வழக்கை மெய்யாகவே ஒரு நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. இராவணன் இரக்கமற்றவன் என்பது கம்பர் சாட்டிய குற்றம். அக்குற்றத்தை மறுவிசாரணைக்கு எடுத்துக்கொண்டு, இரக்கம் காட்டத் தவறியோர் வேறு எத்தனை பேர் என்று இராவணன் வாயாலேயே கேட்க வைத்தார் அண்ணா. கூர்மையான கேள்விதான். ஆயினும் பிறர் குற்றம் எத்துணை நீளினும் ஒருவன் தன் குற்றம் அதனால் குறைவதில்லை என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, கம்பரே அவனை எவ்வாறு காட்டுகின்றார் என்று காண்போம். முதல்நாட் போரில் அனைத்தும் இழந்து வெறுங்கையனாய் நின்றவனை இராமன் கொல்லாது போகவிடுகிறான். அரண்மனை மீண்ட இராவணன் நாணுகின்றான். வானவர் நகைப்பர், பகைவர் நகைப்பர் என்பதற்காக அன்று. சானகி நகைப்பாளே என்பதற்காக. இவ்விடத்தில் அரக்கன் மறைந்து ஒரு மனிதன் தெரிகின்றான். ஆனால் வாயில் மானமும் நெஞ்சில் காமமுமாய் அரசு நடத்துவது முறையா என்று இடித்துரைத்தவன் உடன்பிறந்த கும்பகருணனே என்பதையும் அதே கம்பர்தாம் பாடினார். அருமை மகன் இந்திரசித்தும் இறுதியில் அவ்வாசையை விடுமாறு வேண்டினான். அவனோ, தோற்றாலும் இராமன் பெயர் உள்ளளவும் தன் பெயரும் நிற்கும் என்று விடையிறுத்தான். அவன் கணக்குப் பொய்க்கவில்லை என்பதற்கு இக்கட்டுரையும் ஒரு சான்று.

ஆக, பாட்டனார் கூறிய குற்றமும் கம்பரிடம் உண்டு; சிற்றப்பா போற்றிய பெருமையும் கம்பரிடம் உண்டு. கவிஞர் ஒருசேர வைத்ததை இருவரும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர்.

இவ்வுண்மையை எங்களுக்கு முதலில் உணர்த்தியவர் ஒரு தமிழர் அல்லர். அண்டை வீட்டில் வாழ்ந்த கன்னட ஆசிரியர் ஒருவர். எங்கள் வீட்டுப் பூசல் சுவர் கடந்து கேட்டதுபோலும்! ஒருநாள் அவர் வந்து, "எங்கள் மொழியிலும் இவ்வழக்கு உண்டு" என்று நாகசந்திரரின் கதையைச் சொன்னார். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்த அச்சமணப் புலவர் இயற்றிய இராமகாதையைப் பம்ப இராமாயணம் என்று கன்னடர் வழங்குவர். அதில் வரும் இராவணன், விரும்பாத பெண்ணைத் தீண்டுவதில்லை என்ற நோன்பு பூண்டவன். சீதையின் துயர் கண்டு மனம் மாறுகின்றான். ஆயினும் அஞ்சி விடுத்தான் என்ற பழி வருமே என்று, போரில் வென்றபின் அவளைச் சிறப்போடு திருப்பி அளிக்கத் துணிகின்றான். அந்த மானமே அவனை மாய்க்கின்றது. கன்னட மறுமலர்ச்சியின் ஆசானாகிய பி. எம். ஸ்ரீகண்டய்ய அவனை ஓர் அவலத் தலைவனாகக் கண்டு எழுதினார். பின்வந்த குவெம்பு, தம் 'ஸ்ரீ ராமாயண தரிசனம்' என்னும் பெருங்காப்பியத்தில் இராவணனும் சீதையின் தூய்மையால் மனம் திருந்தி உயர்வதாகப் பாடினார். 1955இல் சாகித்திய அகாதெமிப் பரிசும், 1967ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதும் பெற்ற நூல் அது. மொழியின் பெயரால் மனக்கசப்பு நேர்ந்த காலங்களும் இந்நகரில் உண்டு. எனினும் ஒரே இராவணனைப் பற்றி இரு மொழியினர் ஒரு சுவரின் இருபுறமும் இருந்து கவலைப்பட்டிருக்கின்றோம் என்பது எங்களுக்கு ஆறுதலாயிற்று.

இன்று எங்கள் வீட்டில் வழக்கு வேறு உருவில் வந்துள்ளது. பிள்ளைகள் ஆங்கிலத்தில் மாய உலகப் பெருங்கதைகளைப் படிக்கின்றனர். அவற்றுள் ஒன்று, ஸ்டீபன் டொனால்ட்சன் என்னும் அமெரிக்கர் எழுதி 1977இல் வெளிவரத் தொடங்கிய தாமஸ் கவனன்ட் வரிசை. அதன் தலைவன் ஒரு தொழுநோயாளி. மனைவி பிரிந்தாள், ஊர் ஒதுக்கியது. அவன் ஒரு மாய நாட்டில் சென்று விழுகின்றான். லீனா என்னும் இளம்பெண் அந்நாட்டு மண்ணால் அவனைக் குணப்படுத்துகின்றாள். உணர்வு மீண்ட வெறியில், இவையெல்லாம் கனவே என்று கருதி, உதவிய அவளையே அவன் வன்கொடுமை செய்கின்றான். அவ்விடத்தில் நூலை மூடிவைத்தோர் உலகெங்கும் பலர். தொடர்ந்து படித்து, அதனினும் நேர்மையான நூல் இல்லை என்போரும் பலர். எங்கள் மூத்த பெண் நூலை மூடிவிட்டாள். இளையவன் இறுதிவரை படித்தான். ஞாயிற்றுக்கிழமை மீண்டும் களைகட்டியது!

அந்நூலாசிரியரின் இளமை இந்தியாவில் கழிந்தது என்பது நமக்குச் சுவையான செய்தி. அவர் தந்தையார் இங்குத் தொழுநோயாளருக்குப் பணிசெய்த மருத்துவர். நோயுற்றோரை உலகம் ஒதுக்கும் கொடுமையை அவர் வழியாக அறிந்தவர் என்பதால், ஒதுக்கப்பட்டவன்மேல் ஆசிரியருக்குப் பரிவு மிகுதி. ஆனால் பரிவு காட்டிய ஆசிரியர் குற்றத்தை மறைக்கவில்லை. லீனாவின் துயர் அவளோடு முடியாமல் அவள் பெற்றோரையும் மகளையும் பற்றிப் படர்வதைக் கதை நெடுகக் காட்டுகின்றார். கவனன்ட் எங்குத் திரும்பினும் தன் செயலையே எதிர்கொள்கின்றான். இளையவன் இதனை எடுத்துச் சொன்னபோது, மூத்தவள் கூறிய விடை எங்களைச் சிந்திக்கச் செய்தது: "அவன் எப்படி வருந்தினான் என்பதைச் சொல்லப் பல நூறு பக்கங்கள் இருக்கின்றன. அவள் என்ன நினைத்தாள் என்பதற்கு எத்தனை பக்கம்?"

இக்கேள்வியே வழக்கின் உயிர்நிலை என்று கருதுகின்றோம். வெறுக்கத்தக்கவனை நடுவில் நிறுத்திக் கதை சொல்வது குற்றமன்று. அவன் உள்ளத்துள் நம்மை அழைத்துச் செல்வதும் குற்றமன்று. ஏன் தவறினான் என்று அறிவது வேறு, தவறில்லை என்று விடுவிப்பது வேறு. ஆனால் தவறு செய்தவனின் மனத்தை அளக்கும் நூல், துன்புற்றவளின் குரலையும் நமக்குக் கேட்பிக்கின்றதா என்று பார்த்தல் வேண்டும். கம்பர் இத்தேர்வில் வெல்கின்றார். அசோகவனத்தில் சிறையிருந்த சீதை மூவுலகும் ஆண்டவனைத் துரும்பென மதித்துச் சினந்து விடையிறுக்கின்றாள். அவள் சொல் நம் செவியில் இருப்பதால்தான், இராவணன் வீழும்போது நாம் இரங்கினாலும் வழிதவறுவதில்லை.

எங்கள் கூடத்துப் பழைய வழக்கை எண்ணிப் பார்க்கின்றோம். பாட்டனார் இராமனுக்காக வாதிட்டார். சிற்றப்பா இராவணனுக்காக வாதிட்டார். சீதைக்காக எழுந்து பேசியவர் எவருமில்லை. பேசியிருக்கக் கூடியவரோ அடுக்களையில் ஏனம் கழுவிக்கொண்டிருந்தார்.

வேற்றுமொழிச் சூழலில் தமிழைக் காத்துவரும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெறுப்பூட்டும் பாத்திரம் வருகின்றது என்று பிள்ளைகளின் கையிலிருந்து நூலைப் பறிக்க வேண்டா. மூடிவைக்க விரும்பும் பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டா. அவர்கள் படிக்கும் ஆங்கிலக் கதையின் பக்கத்திலேயே யுத்த காண்டத்தையும் எடுத்துவைத்து, இருவேறு கருத்துடையோரும் ஒரே விரிப்பில் அமர்ந்து பேச இடங்கொடுங்கள். ஒரு பாத்திரத்தின்மேல் கருத்து வேறுபட்டும் உறவு முறியாதிருக்கப் பழகிய பிள்ளைகள், நாளை மாந்தர்மேல் கருத்து வேறுபடும்போதும் அதனைச் செய்வர். எங்கள் வீட்டில் இப்போது ஒரு முறை வைத்துள்ளோம். எந்தக் கதையானாலும், இரு கட்சியும் வாதம் தொடங்குமுன், அக்கதையில் துன்புற்றவர் கூற்றை ஒருவர் எழுந்து சொல்லியாக வேண்டும். சென்ற முறை சீதையின் கூற்றைச் சொன்னவன் இளையவன்தான். அவன் முடிக்கும் வரை மற்றவர் எவரும் குறுக்கிடவில்லை.