அவர்களுக்கு நான் ‘மசாஜ் தம்பி’

தேசிய வாலிபால் அணியின் பயிற்சி முகாமில் பிசியோவாக வேலை பார்த்தேன் என்றதும் நம் பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: “அண்ணா, உங்கள தொட விட்டாங்களா?” போன மாதம் ஒரு மாணவர் விடுதியில் பேசப் போனபோதும் இதையே கேட்டார்கள். விட்டார்கள் தோழர்களே, தாராளமாக விட்டார்கள். பிரச்சனை அங்கே இல்லை. எங்கே இருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். காலை ஐந்தரை மணிக்கு டேப் சுற்றுவதில் தொடங்கும். பதினான்கு பேர், இருபத்தெட்டு கணுக்கால். வாலிபாலில் எதிரணிக்காரனை இடிக்க வேண்டியதில்லை, நடுவில் வலை இருக்கிறது, ஆண்களுக்கு 2.43 மீட்டர் உயரம். ஆனால் கணுக்கால் மடங்குவது பெரும்பாலும் அந்த வலைக்கு அடியில்தான். பிளாக் போட எழும்பியவன் இறங்கும்போது, ஸ்மாஷ் அடித்துவிட்டு நடுக்கோட்டில் வந்து இறங்கிய எதிராளியின் பாதத்தின் மேல் விழுவான். அடுத்தது முட்டி. எகிறி எகிறி முட்டிச்சில்லுக்குக் கீழே இருக்கிற தசைநாண் நைந்துபோகும். படுத்து ஓய்வெடுத்தால் மட்டும் அது சரியாகாது. எடையை மெதுவாக ஏற்றி ஏற்றிப் பயிற்சி கொடுக்க வேண்டும், மூன்று மாதமாவது ஆகும்.

மூன்றாவது தோள். இதுதான் ஏமாற்றுகிற காயம். ஓயாமல் சர்வீஸும் ஸ்மாஷும் அடிக்கிற கையில், தோள்பட்டைக்குப் பின்னால் போகிற ஒரு நரம்பு நசுங்கி, தோள்பட்டை எலும்பின் மேலே இருக்கிற சதை கரைந்துபோகும். பலருக்கு வலியே இருக்காது. ஆடிக்கொண்டே இருப்பான். சட்டையைக் கழற்றச் சொல்லி, பின்னால் நின்று பார்த்து, விரலை வைத்தால் பள்ளம் தெரியும். எனக்கு இந்த விரல் வந்தது கல்லூரியில் மட்டும் இல்லை. என் அம்மா தாமலில் கூலிக்குப் பட்டுத்தறி நெய்தவர். குழித்தறியில் நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்து வருகிறவரின் தோளையும் இடுப்பையும் ராத்திரியில் பிடித்துவிட்டுத்தான் கை பழகியது.

முகாமுக்குப் போன மூன்றாம் நாள் மேலாளர் விசாரித்தார். “காஞ்சிபுரத்துல எங்க?” தாமல் என்றேன். “ஓ, பெங்களூர் ரோட்டு மேல. பெரிய ஏரி இருக்கே. ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?” அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பக்கம் என்றேன். அன்றிலிருந்து நான் ‘மசாஜ் தம்பி’. என்னோடு இருந்த இன்னொரு பிசியோ மட்டும் கடைசிவரை ‘டாக்டர்’.

அதற்குப் பிறகும் யாரும் என் கையை ஒதுக்கவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக்கூடக் கதவைத் தட்டித் தொடையைப் பிடித்துவிடச் சொன்னார்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாதிச் சமூகம் தான் கீழே தள்ளியவர்களின் கை படாமல் என்றைக்கு வாழ்ந்தது? நம் பக்கம் நாவிதர் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். வடக்கே பல ஊர்களில் தொப்புள்கொடி அறுத்தது தலித் பெண்களின் கை. ஊழியம் செய்கிற கைக்குத் தீட்டு கிடையாது. அந்தக் கை ஒரு முடிவைச் சொல்லும்போதுதான் தீட்டாகிறது.

முக்கியமான ஒரு ஆட்டத்துக்கு முந்தின நாள், நடுவில் பிளாக் போடுகிற பையனுக்குக் கணுக்கால் மடங்கியது. வீக்கம். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னேன், முடியவில்லை. “நாளைக்கு ஆடக்கூடாது” என்றேன். மேலாளருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. “டேப் சுத்துறது உன் வேலை. டீம் எடுக்கறது உன் வேலையில்ல.” நான் சத்தம் போடவில்லை. என்ன சோதித்தேன், என்ன கண்டேன், ஏன் ஆடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்தேன். “இதையும் மீறி ஆட வைக்கிறோம்னு கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்” என்று நீட்டினேன். அவர் போடவில்லை. பையனும் ஆடவில்லை. அடுத்த முகாமுக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை.

பால்வங்கர் பாலுவைப் பற்றிப் படித்தபோது இது இன்னும் தெளிவானது. பூனாவில் வெள்ளைக்காரர்களின் மைதானத்தில் பணியாளராக இருந்து பந்துவீச்சாளரானவர். சமார் சாதி. இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது, ஏனென்றால் விக்கெட் வேண்டும். அவர் கை பட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் மட்டும் வெளியே, மண் குவளையில். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்துவந்தார். அப்படியும் இந்து அணிக்குக் கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை; 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் கிடைத்தது. (1937 தேர்தலில் பாலு அண்ணல் அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றது வேறு கதை. அதையும் படியுங்கள்.) பந்து போடுகிற கை வேண்டும், ஃபீல்டிங் நிறுத்துகிற கை வேண்டாம்.

நம் காலனிகளில் வாலிபால் ஆடாத காலனி உண்டா? இரண்டு கம்பம், ஒரு வலை, ஒரு பந்து போதும். எங்கள் ஊரில் என் பெரியப்பா மகன் எகிறினால் இடுப்பு வலைக்கு நேராக நிற்கும் என்பார்கள். இருபத்தொரு வயதில் முட்டி போனது. அடிபட்டால் எங்கள் பக்கம் முதலில் புத்தூர்க் கட்டுதான் ஞாபகத்துக்கு வரும், ஆனால் இது எலும்பு முறிவு இல்லையே. தைலம் தடவிக்கொண்டு இன்னும் இரண்டு டோர்னமெண்ட் ஆடினான். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை, எட்டு மணி நேரம் நின்றுகொண்டு. அவன் முட்டிக்கு வந்ததும் தேசிய அணியில் நான் பார்த்த முட்டிக்கு வந்ததும் ஒரே காயம். அங்கே மூன்று மாதம் கூடவே ஒரு ஆள் இருந்தான். இங்கே யாரும் இல்லை. திறமை இல்லாமல் நம் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று பேசுகிறவர்கள் இந்த முட்டிகளை எண்ணிப் பார்த்ததில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வருகிறார். பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கு அது பெரிய உதவி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருபது வயது ஆட்டக்காரன் அந்தப் பட்டியலில் எங்கே வருவான்? மாவட்ட அளவில் போட்டி நடத்துகிற இடத்திலாவது ஒரு பிசியோ இருக்க வேண்டும் என்று கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பிளஸ் டூ முடித்தவர்கள் இந்தப் படிப்பையும் யோசியுங்கள். சீட்டு வாங்கும்போது இடஒதுக்கீட்டைச் சொல்லி எவனாவது சிரித்தால், வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தை எடுத்துக்கொள்ளாததால் பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறியது 1925இல், இதே காஞ்சிபுரத்தில்தான் என்று சொல்லுங்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எங்கள் காலனி மைதானத்தில் ஆடுகிறவர்களின் தோளைப் பார்க்கிறேன். சட்டையைக் கழற்றச் சொன்னால் வெட்கப்படுகிறார்கள். இதுவரை பார்த்த பதினொரு பேரில் ஒருவனுக்கு வலது தோளில் அந்தப் பள்ளம் இருக்கிறது. வலியே இல்லை என்கிறான். சென்னையில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் நரம்புச் சோதனை எடுக்கும்வரை சர்வீஸும் ஸ்மாஷும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வாரம் டோர்னமெண்ட், அணியின் முக்கிய ஸ்மாஷர் அவன்தான். கேப்டன் என்னோடு பேசுவதில்லை. அவன் அப்பா தறியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்ததும் போய்ப் பேச வேண்டும்.