எந்தப் பட்டாபிராம் பாஸ்?

உங்க செல்போன் மேப்பைத் திறந்து 'பட்டாபிராம்'னு தட்டிப் பாருங்க. பட்டாபிராம், பட்டாபிராம் ஈஸ்ட் டெப்போ, பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்னு ஒரே குடும்பப் பேரோட மூணு ஸ்டேஷன் வரிசை கட்டி நிற்கும். முதல் ஸ்டேஷன் அரக்கோணம் போகிற மெயின் லைனில் இருக்கு. மத்த ரெண்டும் ராணுவக் கிடங்குப் பக்கம் பிரிஞ்சு போற கிளை லைனில். 'ஸ்டேஷன் வாசல்ல நிக்கிறேன் மச்சி, வந்துடு'ன்னு நண்பனைக் கூப்பிட்டுட்டு, அவன் ஒரு வாசலிலும் நீங்க ஒரு வாசலிலும் நின்னு அரை மணி நேரம் போனில் திட்டிக்கிட்டா, நீங்களும் எங்க ஊர்க்காரர்தான்!

போன மாசம் நாங்க மூணு பேர், மூணு பைக்கில் பட்டாபிராமிலிருந்து பூண்டி வழியா குடியம் குகைக்குக் கிளம்பினோம். அதுக்கு முன்னாடி ஒரு வாரம் கேன்டீனில் நடந்தது ஒரே சண்டை. 'எந்த ஜி.பி.எஸ் பெஸ்ட்?' ஒருத்தன் ஹேண்டில்பாரில் செல்போனை மாட்டினான். இன்னொருத்தன் அண்ணனோட ராயல் என்ஃபீல்டு மீட்டியாரைக் கெஞ்சி வாங்கினான். அதில் வண்டியோடவே வர்ற 'ட்ரிப்பர்' வழிகாட்டி இருக்கு. எனக்கு ஒரு சீனியர் புண்ணியத்தில் கார்மின் ஜூமோ எக்ஸ்.டி கிடைச்சது. பைக்குக்குன்னே செஞ்ச ஜி.பி.எஸ் பெட்டி. கீழே போட்டா என் செமஸ்டர் ஃபீஸ் காலி என்ற எச்சரிக்கையோடுதான் கைக்கு வந்தது.

மேலே இருக்கு, கீழே இல்லை!

கிளம்பும் முன் ஒரு சின்ன கிளாஸ். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

ஜி.பி.எஸ் வேற, மேப் வேற. நம்மில் பாதிப் பேர் குழம்புவது இங்கேதான். ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுத்திக்கிட்டே 'இப்போ மணி இவ்வளவு, நான் இருக்கிற இடம் இது'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். உங்க கருவி அதைக் காது கொடுத்துக் கேட்கும், அவ்வளவுதான். பதில் எதுவும் அனுப்பாது. குறைஞ்சது நாலு செயற்கைக்கோள் கேட்டா, சிக்னல் வந்து சேர எடுத்த நேரத்தை வெச்சு நீங்க நிற்கிற இடத்தைக் கணக்குப் போட்டுடும். கடிகாரம் ஒரு மைக்ரோ விநாடி தப்பினா 300 மீட்டர் தப்பும். அதனாலதான் மேலே அணுக் கடிகாரம் வெச்சிருக்காங்க.

இதுக்கு சிம் வேண்டாம், டேட்டா பேக் வேண்டாம், காசும் வேண்டாம். டேட்டா கேட்பது மேப்தான்.

இது அமெரிக்கக்காரங்க சமாச்சாரம். சாதாரண ஜனங்களுக்குப் போகிற சிக்னலை வேணும்னே கொஞ்சம் கெடுத்துத்தான் கொடுத்துக்கிட்டிருந்தாங்க. 2000 மே மாசம்தான் அதை நிறுத்தினாங்க. அதுக்கப்புறம்தான் வண்டியில் மாட்டுற ஜி.பி.எஸ் உருப்படியாச்சு. நம்ம இஸ்ரோவும் சும்மா இல்லை. 2013 ஜூலை 1-ல் ஆரம்பிச்சு 2016 ஏப்ரல் 28-க்குள் ஏழு செயற்கைக்கோள்களை அனுப்பி 'நாவிக்' உருவாக்குச்சு. அதில் முதல் செயற்கைக்கோளில் இருந்த மூணு அணுக் கடிகாரமும் பழுதானது சோகக் கதை. 2023 மே 29-ல் போன என்.வி.எஸ்-01 இந்தியாவிலேயே செஞ்ச அணுக் கடிகாரத்தோடு போச்சு. எல்லாம் புறப்பட்டது நமக்கு வடக்கே இருக்கிற ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. வானம் தெளிவா இருந்தா எங்க ஊர் மொட்டை மாடியிலிருந்தே ராக்கெட் போறதைப் பார்க்கலாம். வழி காட்டுறவர் நம்ம பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி!

அந்த இரண்டு விநாடி

காலை ஆறு மணி. இந்து காலேஜ் தாண்டி டீக்கடையில் ஆளுக்கொரு டீ. 'பூண்டிக்கா? திருநின்றவூர், திருவள்ளூர் தாண்டி யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க தம்பி'ன்னு முடிச்சுட்டார் கடைக்கார அண்ணன். நாலாவது ஜி.பி.எஸ் அவர்தான்னு அப்போ எங்களுக்குப் புரியலை.

பட்டாபிராமைத் தெரியாதவங்களுக்கு: இது ஆவடி மாநகராட்சிக்குள்ளே இருக்கிற, சி.டி.எச் ரோட்டு ஓர ஊர். முன்னெல்லாம் அடையாளம் கேட்டா இந்து காலேஜ்னு சொல்லுவாங்க. 2024 நவம்பரில் திறந்த 21 மாடி டைடல் பார்க் வந்த பிறகு, தூரத்திலிருந்தே 'அதோ அதான் பட்டாபிராம்'னு விரல் நீட்டலாம். ஆனா ரோடு? வருஷக் கணக்கா ரயில்வே மேம்பால வேலை நடந்த ரோடு அது. எந்த மாசம் எந்தப் பக்கம் தடுப்பு வைப்பாங்கன்னு செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும்? டீக்கடை அண்ணனுக்குத் தெரியும்.

அடுத்தது நெமிலிச்சேரி. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை நம்ம ரோட்டைக் குறுக்கே வெட்டுற இடம். பாலம், சர்வீஸ் ரோடு, இறங்குற வழி, ஏறுற வழின்னு நூடுல்ஸ் மாதிரி இருக்கும். பாலத்துக்கு மேலே போறோமா, கீழே போறோமான்னு ஜி.பி.எஸ்-க்கே சந்தேகம் வர்ற இடம். என் ஜூமோ திரை 'கணக்கிடுகிறேன்'னு சுத்துச்சு. நான் குனிஞ்சு பார்த்தேன். ரெண்டே விநாடிதான் பாஸ்.

நிமிர்ந்தா எதிரே கன்டெய்னர் லாரியோட பின்பக்கம். பிரேக் பிடிச்சதில் பின்சக்கரம் கோலம் போட்டுச்சு. மட்கார்டுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி. பின்னாடி வந்த ஆட்டோக்கார அண்ணன் 'ரோட்டைப் பாருடா தம்பி!'ன்னு கத்தினது இப்பவும் காதில் கேட்குது.

அப்புறம் ஓரங்கட்டி நின்னு கணக்குப் போட்டேன். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். ரெண்டு விநாடிக்கு 33 மீட்டர். அந்த 33 மீட்டரை நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஓட்டியிருக்கேன். கை நடுக்கம் நிற்க பத்து நிமிஷம் ஆச்சு. இத்தனைக்கும் மூணு பேரில் ரொம்பக் காஸ்ட்லியான கருவி என்கிட்டதான் இருந்துச்சு!

ரிசல்ட் வந்தாச்சு

திருவள்ளூர் தாண்டினதும் வெயில் ஏற, செல்போன் பார்ட்டிக்குக் கஷ்டகாலம். முதலில் திரை மங்குச்சு. அப்புறம் 'சூடாகிவிட்டேன்'னு சொல்லிட்டுப் படுத்துடுச்சு. இன்னொரு விஷயம்: பெரிய இன்ஜின் பைக்குகளோட அதிர்வு, போன் கேமராவில் இருக்கிற நுணுக்கமான பாகங்களைக் கெடுக்கலாம்னு ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரிச்சிருக்கு. மழை பெய்தா தண்ணித் துளி ஒவ்வொண்ணும் விரல் மாதிரி திரையைத் தட்டும்.

ட்ரிப்பர்? 2020-ல் மீட்டியார் 350-யோட அறிமுகமானது. குட்டி வட்டத்தில் ஒரு அம்புக்குறி, எவ்வளவு தூரத்தில் திரும்பணும்னு ஒரு எண். அவ்வளவுதான். பார்க்கிறதுக்கு ஒரு நொடி போதும். அதுதான் அதோட அழகே. ஆனா மூளை பாக்கெட்டில் இருக்கிற போனில்தான். ப்ளூடூத் அறுந்தா அம்பும் போச்சு.

ஜூமோ? வெயிலில் பளிச், கையுறையோட தொட்டாலும் வேலை செய்யும், மேப் உள்ளேயே இருக்கு. ஆனா அந்த விலைக்கு ஒரு பழைய பைக்கே வாங்கிடலாம். காலேஜ் பார்க்கிங்கில் ஒவ்வொரு தடவையும் கழட்டிப் பையில் போடணும். லடாக் போறவங்களுக்கு ஓகே. பூண்டி போற நமக்கு?

பூண்டியில் சத்தியமூர்த்தி சாகர் கரையில் காத்து வாங்கிட்டு, குடியம் கிராமத்தில் வண்டிகளை நிறுத்தி நடந்தோம். புதர்க்காடு. எங்க போன்களில் டவர் ஒரு கோடு கூட இல்லை. மேப் வெறும் சாம்பல் கட்டம். அப்போ கைகொடுத்தது எதுன்னு நினைக்கிறீங்க? என் பையில் சும்மா கிடந்த அம்மாவோட பழைய போன்! சிம் இல்லை. ஆனா முந்தின ராத்திரி வீட்டில் ஆஃப்லைன் மேப் இறக்கி வெச்சிருந்தேன். நீலப் புள்ளி அழகா நகர்ந்துச்சு.

குகைக்கு எதிரே நின்னப்போ வேற ஒரு எண்ணம். இந்தப் பக்கத்து அதிரம்பாக்கத்தில் 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே கிடைச்ச சில கருவிகளோட வயசு 3.85 லட்சம் வருஷம்னு 2018-ல் ஆய்வு வந்துச்சு. அவங்க எல்லாம் வெயிலையும் ஆத்தையும் பார்த்து வழி கண்டுபிடிச்சவங்க. நாம புளூடூத் அறுந்ததும் அழுறோம்!

வாங்குறதுக்கு முன்னாடி...

* பாக்கெட் மணிக்கு ஏத்த பெஸ்ட் ஜி.பி.எஸ்: வீட்டு டிராயரில் தூங்குற பழைய போன். ஆஃப்லைன் மேப் ஏத்துங்க. கேமரா கெட்டாலும் கவலை இல்லை.

* ஹோல்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். அதிர்வு தாங்குற ரப்பர் இருக்கணும். பேட்டரியிலிருந்து சார்ஜர் இழுத்தா நடுவில் ஃபியூஸ் கட்டாயம்.

* புதுசா வாங்கினா 'ஐ.பி.67' இருக்கான்னு பாருங்க. 6 தூசிக்கு, 7 தண்ணிக்கு. சென்னை மழைக்கு இது அவசியம்.

* 2020 அக்டோபர் 1 முதல் வண்டி ஓட்டும்போது போனை வழி பார்க்க மட்டும் பயன்படுத்தலாம்னு மத்திய விதி சொல்லுது. அதுவும் கவனம் சிதறாமல். மெசேஜுக்கு அனுமதி இல்லை.

* காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். அன்னிக்கு அந்த ஆட்டோ அண்ணன் குரல் எனக்குக் கேட்டதே, அதுக்காகவாவது.

* கிளம்பும் முன் அடுத்த மூணு திருப்பத்தை மனப்பாடம் பண்ணுங்க. நாலாவது மறந்தா ஓரங்கட்டி நிறுத்திப் பாருங்க. எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்றதை விட ஈஸி!

* குடியம் போறதா இருந்தா வனத்துறை அனுமதி பற்றி முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. தண்ணி பாட்டில் மறக்காதீங்க.

சாயந்தரம் திரும்பி வரும்போது நெமிலிச்சேரி பாலம் வந்துச்சு. நான் திரையை அணைச்சுட்டேன். தூரத்தில் டைடல் பார்க் விளக்குகள் தெரிஞ்சுது. வீட்டுக்கு வழி கேட்க யாருக்காவது ஜி.பி.எஸ் வேணுமா என்ன?

பட்டாபிராம் பக்கம் வந்தா சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ். ஸ்டேஷன் வாசல்லயே நிக்கிறேன். ஆனா எந்த ஸ்டேஷன்னு முதல்லயே கேட்டுக்கோங்க!