பைன் மரச் சோலையில் ஒரு மாணவர் இதழ்

பாஸ்டன் நகரில் பணியாற்றும் என் தமையனாரின் மகன் இல்லத்தில் தங்கியிருந்தபோது, இலையுதிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாங்கள் இருவரும் வடக்கு நோக்கி ரயிலேறினோம். ஏறத்தாழ மூன்றரை மணி நேரப் பயணம். மெய்ன் மாநிலத்தின் பிரன்ஸ்விக் என்னும் சிற்றூரில் இறங்கினோம். 2012இல்தான் இந்த ரயில் சேவை அவ்வூர்வரை நீட்டிக்கப்பட்டது.

ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றங்கரையிலுள்ள அவ்வூருக்குப் பெருமை சேர்ப்பது போடன் கல்லூரி. மெய்ன், மாசசூசெட்ஸின் ஒரு பகுதியாயிருந்த காலத்தில், 1794இல் நிறுவப்பெற்றது. கவிஞர் லாங்ஃபெல்லோவும் நாவலாசிரியர் ஹாதார்னும் 1825இல் இங்கு ஒன்றாகப் பட்டம் பெற்றனர். இன்றும் மாணவர் தொகை இரண்டாயிரத்துக்கும் குறைவே.

பைன் மரங்களின் நிழலில் நடந்து ஒரு கட்டடத்தினுள் நுழைந்தோம். வாயிலருகே, முந்தின நாள் வெள்ளியன்று வெளியான செய்தித்தாள்கள் அடுக்கப்பட்டிருந்தன. விலையில்லை, விரும்பியவர் எடுத்துக்கொள்ளலாம். ‘போடன் ஓரியன்ட்’ என்னும் அவ்வார இதழை மாணவர்கள் தொடங்கிய ஆண்டு 1871 என்றறிந்ததும் வியந்து நின்றேன்.

என் கல்லூரி நாள்கள் நினைவுக்கு வந்தன. நண்பர்கள் ஐவர் சேர்ந்து கையெழுத்து இதழொன்றை நடத்தினோம். மூன்று இதழ்கள் வெளிவந்தன, நாங்கள் பட்டம் பெற்று வெளியேறினோம், அதுவும் நின்றுபோயிற்று.

இங்கும் மாணவர்கள் நான்கே ஆண்டுகள்தாம் பயில்கின்றனர். அதற்குள் ஆசிரியர் குழு அடியோடு மாறிவிடுகிறது. எழுதுவோரும் திருத்துவோரும் மாணவர்களே. நிர்வாகத்தின் பிடியில் இதழ் இல்லை. ஆயினும் ஒன்றரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது!

சோதனைகள் வராமலில்லை. இதழுக்கு மூன்று வயதே ஆகியிருந்த 1874இல், கட்டாய இராணுவப் பயிற்சிக்குப் பணிய மாணவர்கள் மறுத்தனர். கல்லூரித் தலைவர் சேம்பர்லின், உள்நாட்டுப் போரில் புகழ்பெற்ற தளபதி; மறுத்தோரை வீட்டுக்கே அனுப்பிவிட்டார். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரி, இதழின் நூறாம் ஆண்டான 1971இல் பெண்களுக்கும் கதவு திறந்தது. இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் இதழ் நிலைத்தது எவ்வாறு?

“இதிலென்ன வியப்பு, சிறிய தந்தையே? போகிறவர்கள், வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தானே போகிறார்கள்!” என்றார் தமையன் மகன்.

அவர் எளிதாகச் சொல்லிவிட்டார். நாங்கள் செய்யத் தவறியது அதுவே. எங்களுக்குப் பின் யார் எழுதுவார் என ஒருநாளும் எண்ணியதில்லை. இதழ் எங்களுடையது என்றிருந்தோம். முதலாண்டு மாணவன் ஒருவனைக்கூட அருகில் அமர்த்திக்கொள்ளவில்லை.

ஊர் திரும்பியதும் எங்கள் மதரஸா மாணவர்களின் கையெழுத்து இதழுக்கு இரண்டு ஆசிரியர்களை நியமித்தேன். ஒருவர் இவ்வாண்டு ஸனது பெற்றுச் செல்லவிருப்பவர். மற்றவர் சென்ற ஷவ்வாலில்தான் வந்து சேர்ந்தவர். நான்காவது இதழ் தயாராகிக்கொண்டிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.