பழைய தரையும் புதிய பலகையும்

மரத்தரையில் ஒட்டுப்போடுவது துணியில் ஒட்டுப்போடுவதைவிடக் கடினம். சமையலறைச் சுவரை நீக்கி, அப்பக்கத்து லினோலியத்தையும் உரித்த பின்னரே இதை அறிந்தோம். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் 1950களில் எழுந்த வீடு எங்களுடையது. வரவேற்பறையில் சிவப்பு ஓக் தரை: இரண்டேகால் அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன், ஒரு பலகையின் நாக்கு அடுத்ததன் காடிக்குள் புகுந்து நிற்கும் முறை.

அதே மரமும் அளவும் இன்றும் கடையில் கிடைக்கின்றன. நிறந்தான் கிடைப்பதில்லை. ஒளிபட்டு ஓக் மெல்லப் பழுக்கிறது. மேலே பூசிய எண்ணெய்வகைப் பொலியூரித்தேனும் ஆண்டுக்காண்டு மஞ்சளேறுகிறது. அந்தத் தேன்நிறத்தைச் சாயமாக விற்கிறார்கள். ஒரு துண்டில் பூசிப் பார்த்தோம்; நாடகத்தில் வைத்த நரைபோல இருந்தது.

வந்த தச்சர், இரு தரைகளுக்கும் நடுவே பட்டையடித்து மறைப்பதை இழிவாகக் கருதுபவர். புதுப் பலகைகளை ஒரு வாரம் அறையிலேயே கிடத்தினார். வீட்டின் ஈரப்பதத்துக்குப் பழகாத மரம் குளிர்காலத்தில் சுருங்கி இடைவெளி விடுமாம். பின்னர் பழைய பலகைகளின் முனைகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டியெடுத்து, இரு கை விரல்களைக் கோத்தாற்போலப் புதியவற்றை நுழைத்தார். கோடு மறைந்தது.

மட்டமும் நிறமும் ஒன்றாக வேண்டுமெனில் முழுத் தரையையும் உப்புத்தாள் இயந்திரத்தால் தேய்த்து, ஒரே பூச்சுக் கொடுக்க வேண்டும். முழுத் தரை என்றால் தெற்கு யன்னலடியும்தான். அங்கே ஒரு கருவளையம். அம்மா எங்களோடிருந்த ஒன்பது குளிர்காலங்களும் அவருடைய துளசித்தொட்டி அவ்விடத்தில் இரும்புத் தாங்கியின்மேல் நின்றது. சிந்திய நீரும் இரும்பும் ஓக்கிலுள்ள தனினும் கூடினால் கருமை பிறக்கிறது. ஐரோப்பியர் நூற்றாண்டுகளாக எழுதிய மையும் ஏறக்குறைய இதே சேர்க்கைதான்.

இயந்திரம் மூன்று முறை ஓடியது. அம்மாவின் நாற்காலிக் கீறல்கள் போயின. வளையம் சற்று வெளிறியதோடு சரி. ஒக்சாலிக் அமிலம் வைத்தால் போய்விடும், இல்லையேல் நான்கு பலகைகளை மாற்றிவிடலாம் என்றார் தச்சர். வேண்டாம் என்றோம். அவர் காரணம் கேட்கவில்லை. பூச்சு வாளியைத் திறந்தார்.

புதிய பகுதி இன்னமும் ஒரு மாற்றுக் குறைவாகவே தெரிகிறது. அங்கே வெயில் எட்டட்டும் என்று திரைகளை விலக்கி வைத்திருக்கிறோம்.