படகுப் பாலத்துக்கு நாங்கள் போட்ட புள்ளி

களனி, கிராண்ட்பாஸ், கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தைப் பக்கத்துப் பெற்றோர் பலர் எங்கள் பதிவுகளை வாசிக்கிறீர்கள். பாடசாலைக் கண்காட்சிக் காலம் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாக ஒரு விசயம் எழுதுகிறோம். பிழை எங்களுடையது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் மாதிரி உருப் போட்டிக்கு நாங்கள் மூன்று பேர் நடுவர்கள். ஒருவர் கணிதம், ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் சித்திரம் படிப்பிக்கிறவர். மேசைகளில் இருபத்தைந்துக்கு மேல் மாதிரிகள். பிரதம அதிதி பத்து மணிக்கு வந்துவிடுவார் என்றார்கள். எங்களுக்குக் கிடைத்தது முக்கால் மணித்தியாலம். ஒரு மாதிரிக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆளுக்கொரு தாள் தந்தார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் இருபதில் ஒரு புள்ளி போட வேண்டும். எதற்கு எத்தனை புள்ளி என்ற பிரிப்பு ஒன்றும் கிடையாது.

முதலிடம் தாமரைக் கோபுரத்துக்குப் போனது. ஒரு மீற்றர் உயரம், நிறம் மாறும் பல்புகள், அடியில் புல்தரை, வாகனத் தரிப்பிடம். மண்டபத்துக்குள் வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதன் முன்னால்தான் நின்றார்கள். நாங்களும்தான்.

மூலை மேசையில் ஒரு பாலம் இருந்தது. எட்டாம் ஆண்டுப் பிள்ளை, கிராண்ட்பாஸ்காரர். ஐஸ்கிரீம் குச்சி, பிறிஸ்டல் போர்ட், நூல், கம். அவ்வளவுதான். வரிசையாகப் படகுகள், அவற்றின் மேல் பலகைப் பாதை, பாதையில் தீக்குச்சியில் செய்த மனிதர்கள். அட்டையில் “களனி கங்கைப் படகுப் பாலம், அளவிடை 1:100” என்று எழுதியிருந்தார். அதை நாங்கள் வாசித்தோமா என்று இன்று எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. “படகுகளை ஏன் பாலத்துக்குக் கீழே நெருக்கி வைத்திருக்கிறார்?” என்றார் ஒருவர். “ஆக்கள் சின்னன், தெரியவே இல்லை” என்றார் மற்றவர். “நிறம் எடுபடவில்லை” என்றார் மூன்றாமவர். சராசரி பதினொரு புள்ளி.

பரிசளிப்பு முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை வந்தார். கோபமாக வரவில்லை.

“சேர், என்ட பாலத்துல என்ன பிழை?”

“ஆக்கள் கொஞ்சம் சின்னனா இருக்கு மகன்.”

“ஒன்றுக்கு நூறுதானே சேர். ஒரு ஆள் 170 சென்ரிமீற்றர். நூறால பிரிச்சா 1.7. நான் கோல் வைச்சுத்தான் வெட்டினேன்.”

எங்களில் கணிதம் படிப்பிக்கிறவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அளவிடைப் படம் பாடத்தை அந்த வகுப்புக்கு நடத்தியவரே அவர்தான்.

படகுகள் பற்றியும் அவர்தான் எங்களுக்குச் சொன்னார். 1822இல் களனி கங்கைக்குக் குறுக்கே கிராண்ட்பாஸ் பக்கம் கட்டியது படகுகளின் மேல் பலகை போட்ட பாலம்தான். சரக்குப் படகுகள் போவதற்கு நடுப்பகுதியை விலக்கித் திறந்துவிடுவார்கள். 1895இல் விக்டோரியா பாலம் வரும் வரைக்கும் அதுதான் வழி. படகுகள் அங்கே அலங்காரத்துக்கு இல்லை. அவைதான் தூண்கள். தொட்டலங்கையைத் தாண்டித் தினமும் பஸ்ஸில் போய் வருகிற எங்களுக்கு அது தெரிந்திருக்கவில்லை. பழைய தபாலட்டைப் படம் ஒன்றைப் பார்த்து அந்தப் பிள்ளை படித்திருக்கிறார்.

எல்லாரும் போன பிறகு கோபுரத்தின் அடியில் நின்ற விளையாட்டுக் காரை அளந்தோம். ஆறு சென்ரிமீற்றர். உண்மைக் கோபுரம் 350 மீற்றர் அளவு. அதை ஒரு மீற்றராக்கினால் அளவிடை 1:350. அந்தக் கணக்கில் அந்தக் காரின் உண்மை நீளம் 21 மீற்றர்! ஒன்றுக்கொன்று முட்டும்படி இரண்டு பெரிய பஸ்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஏறக்குறைய அந்த நீளம் வரும்.

கோபுரம் செய்த பிள்ளையிலும் குற்றம் இல்லை. வயர் வேலை அழகாகச் செய்திருந்தார். அளவைப் பார்ப்போம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. பாலம் செய்தவரிடமும் பல்புக்குத்தான் புள்ளி என்று யாரும் சொல்லவில்லை. ஒரே போட்டியில் இரண்டு பிள்ளைகள் இரண்டு வேறு போட்டிக்கு வேலை செய்திருக்கிறார்கள். எது போட்டி என்பதை நாங்கள் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் முடிவு செய்தோம்.

முடிவை மாற்றவில்லை. கிண்ணம் கொடுத்தாகிவிட்டது, படமும் எடுத்தாகிவிட்டது. ஒரு பிள்ளையின் கையிலிருந்து அதைத் திருப்பி வாங்குவது இன்னொரு அநியாயம் என்று நினைத்தோம். அது சரியா என்று எங்களுக்குள் இன்றும் ஒரே கருத்து இல்லை. ஆனால் அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் “அந்தப் பாலத்தை நாங்கள் பிழையாக மதிப்பிட்டோம்” என்று சொல்லியிருக்கலாம். அதற்குக் கிண்ணம் தேவையில்லை. அதையும் செய்யவில்லை. “அடுத்த முறை பார்ப்போம் மகன்” என்று சொல்லி அனுப்பினோம். அடுத்த வருடம் அவர் போட்டிக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் மற்ற இடங்களில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தோம். விமானம், கப்பல், தாங்கி என்று அளவிடை மாதிரிகள் கட்டுகிற பெரியவர்களின் சர்வதேசச் சங்கம் ஒன்று 1963இல் பிரித்தானியாவில் தொடங்கி, பின் பல நாடுகளுக்குப் பரவியது. நடுவர் தீர்ப்புப் பற்றிய சண்டை அவர்களுக்குள்ளும் பல காலமாக இருக்கிறது. அந்தச் சண்டையிலிருந்து அவர்கள் படித்தவை எங்களுக்கு உதவின.

முதலாவது, அவர்களின் போட்டிகளில் நடுவர்கள் முதலில் பார்ப்பது அடிப்படை வேலையை. ஒட்டு தெரிகிறதா, இரண்டு பக்கமும் நேராக இருக்கிறதா, பெயின்ட் வழிந்திருக்கிறதா? உலகத்தில் உள்ள எல்லா விமானங்களையும் எந்த நடுவராலும் தெரிந்து வைத்திருக்க முடியாது. தெரியாததை வைத்துப் புள்ளி வெட்டக்கூடாது என்பது அதன் கருத்து. நாங்கள் பாலத்துக்குச் செய்தது சரியாக இதன் மறுபக்கம்.

இரண்டாவது, பெட்டியில் வந்ததை மட்டும் வைத்துக் கட்டிய மாதிரிகளுக்கு அவர்களிடம் தனிப் பிரிவு உண்டு. மேலதிகமாகக் காசு செலவழித்து உதிரிப்பாகம் வாங்கியவரோடு அவர்கள் மோதத் தேவையில்லை.

மூன்றாவது, தீர்ப்புக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முதல், இரண்டு, மூன்று என்பது. மற்றது, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்ன ஒரு தரத்தோடு ஒப்பிட்டுத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்பது. இரண்டாவது வழியில் தகுதியான ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேருக்கும் தங்கம் கிடைக்கும்.

மாதிரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமல்ல இந்தப் பிரச்சினை. 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் இணைப் போட்டியில் நடுவர் தீர்ப்புப் பெரிய சர்ச்சையாகி, கனடா இணைக்கும் இன்னொரு தங்கம் கொடுத்தார்கள். அதன் பிறகு மொத்தமாகப் புள்ளி போடும் பழைய முறையைக் கைவிட்டு, ஒவ்வொரு அசைவுக்கும் தனித்தனியாகப் புள்ளி போடும் முறைக்கு மாறினார்கள்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். போட்டிக்கு ஒரு மாதத்துக்கு முன் புள்ளித் தாளைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிடுகிறோம். அளவிடைக்கு ஐந்து, வேலைச் சுத்தத்துக்கு ஐந்து, விசயத்தைத் தேடிப் படித்ததற்கு ஐந்து, புதிய யோசனைக்கு ஐந்து. வீட்டுச் சாமான்களில் செய்தவர்களுக்குத் தனிப் பிரிவு. மேசையில் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். சொந்தப் பிள்ளையோ மருமகனோ போட்டியில் இருந்தால் அந்த ஆசிரியர் அந்தப் பிரிவுக்கு வருவதில்லை. தாளின் அடியில் “ஏன்?” என்று ஒரு கட்டம். இரண்டு வரியாவது எழுதாமல் நடுவர் கையொப்பம் வைக்க முடியாது. அந்தத் தாள் பிள்ளைக்கே போகும்.

வாப்பா செய்து கொடுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். மேசையடியில் நின்று, “இந்த இடத்தை எப்படி ஒட்டினீங்க மகன்?” என்று மெதுவாகக் கேட்கிறோம். செய்த பிள்ளைக்கு வாய் வராவிட்டாலும் கை காட்டும். மேடையில் ஏற்றிக் கேட்பதில்லை. கூச்சப்படுகிற பிள்ளைக்கு அது வேறொரு அநியாயம். இதிலும் நாங்கள் பிழை விடலாம். ஆனால் விட்ட பிழை தாளில் இருக்கும். பிள்ளை வந்து கேட்கலாம், நாங்களும் திருத்தலாம்.

போன வருடம் தொட்டலங்கையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பிள்ளையைக் கண்டோம். இப்போது உயர்தரம் படிக்கிறார். அன்று சொல்லாமல் விட்டதைப் பஸ் தரிப்பிடத்தில் வைத்துச் சொன்னோம். பிழை எங்களுடையது, உங்கள் அளவு சரி என்று. சிரித்தார். பாலம் இருக்கிறதா என்று கேட்டோம். “வீட்டுக்குள்ள தண்ணி வந்த முறை அது போயிட்டு சேர்” என்றார். இம்முறை நடுவராக வருவீர்களா என்று கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

உங்களிடமும் அதையே கேட்கிறோம். தச்சு வேலை, வெல்டிங், வயரிங், படகு வேலை, கட்டட வரைபடம் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு காலைப் பொழுது வந்து எங்களோடு மேசையடியில் நில்லுங்கள். பெற்றோரே, பிள்ளைக்குச் சாமான் வாங்கிக் கொடுங்கள், செய்து கொடுக்காதீர்கள். எங்கள் புள்ளித் தாளில் குறை தெரிந்தால் கீழே எழுதுங்கள். போட்டிக்கு முன்பே திருத்திவிடுவோம்.